பரனூரில் இறங்கிய பை

பயப்படுவதற்கு எனக்குக் காரணம் தேவையில்லை. கடல் கடந்த எங்கள் ஊர் கிள்ளானில் மார்க்கெட்டுக்குக் கிளம்பினால், கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்ப்பவள் நான். அப்படிப்பட்டவளைத்தான் எங்கள் கோயில் கமிட்டி தனியாக மாமல்லபுரத்துக்கு அனுப்பிவைத்தது. எங்கள் முனீஸ்வரருக்குப் புதுச் சிலை அங்கே ஒரு பட்டறையில் தயாராகியிருந்தது. அது எங்கள் சன்னிதி வாசலுக்குள் நுழையுமா என்று அளந்து பார்த்துச் சரி சொல்லவேண்டும். வாசல் உயரத்துக்கு வெட்டிய நூல் ஒன்றைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்கள். "பாக்கியம் போனா ஒன்னுக்குப் பத்துத் தடவை அளக்கும்," என்றார் தலைவர். அது பாராட்டா கிண்டலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் ஸ்டேஷன். அங்கே செங்கல்பட்டு வண்டியைப் பிடித்து, செங்கல்பட்டில் பஸ் ஏறினால் மாமல்லபுரம். கேட்க எளிதாகத்தான் இருந்தது. பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் இடமும் கிடைத்தது. பெட்டியைக் காலுக்கு இடையில் நிறுத்தி, கைப்பையை மாலைபோலக் கழுத்தில் மாட்டி, பாஸ்போர்ட் இருக்கிறதா என்று மூன்று தடவை தடவிப் பார்த்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் கொமுட்டர் ரயிலில் கதவு மூடிக்கொள்ளும், குளிர்காற்று அடிக்கும், யாரும் யாரோடும் பேசமாட்டார்கள். இங்கே கதவு என்று ஒன்று இருந்தும் யாரும் அதைச் சாத்தவில்லை. தாம்பரத்தில் ஏறிய கூட்டத்தைப் பார்த்து எனக்கு மூச்சு முட்டியது. பூ கட்டுகிறவர்கள், கீரை ஆய்கிறவர்கள், போனில் மாமியாரைத் திட்டுகிறவர்கள். அதற்கு நடுவே சிவப்புச் சுடிதார் போட்ட ஒரு பெண், இருபத்து மூன்று வயது இருக்கும், என் முன்னால் வந்து நின்றாள். தோளில் இருந்த கருப்புப் பையைக் கழற்றினாள். என் மடியில் வைத்தாள்.

"கொஞ்சம் வச்சுக்கோங்க ஆன்ட்டி."

கேட்கக்கூட இல்லை. வைத்துவிட்டாள்! முன்பின் தெரியாதவர் பொருளை வாங்காதீர்கள் என்று ஏர்போர்ட்டில் மூன்று மொழியில் சொல்லிக்கொண்டே இருந்தார்களே, அது என் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. உள்ளே என்ன இருக்கிறதோ, நாளைக்கு என்னைப் பிடித்துக் கேட்டால் என்ன சொல்வது? பக்கத்தில் பார்த்தேன். அடுத்த சீட்டு அம்மாவின் மடியில் இரண்டு கைப்பை, ஒரு சாப்பாட்டுக் கூடை, ஒரு குடை. எதுவும் அவருடையது இல்லை. உட்கார்ந்திருப்பவர் நிற்பவரின் சுமையை வாங்கிக்கொள்வது இந்த வண்டியில் பேசி முடிவு செய்யும் விஷயமே இல்லை போலிருக்கிறது. மடியில் பையோடு நான் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பெண் நன்றாகப் பேசினாள். மாமல்லபுரத்துக்குச் சிலை பார்க்கப் போகிறேன் என்றதும், "செங்கல்பட்டுல எறங்கி வெளிய வந்தா பஸ் ஸ்டாண்டு. திருக்கழுக்குன்றம் வழியாப் போற பஸ் ஏறுங்க," என்றாள். "நானும் அங்கதான் எறங்குறேன். ஏரி ஒன்னு வரும் ஆன்ட்டி, பெரிய ஏரி. அது வந்தா பெட்டிய எடுத்துக்கோங்க."

சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனில் கம்பெனி ஷிப்ட் முடிந்த பெண்கள் மொத்தமாக ஏறினார்கள். சிவப்புச் சுடிதார் எங்கோ உள்ளே தள்ளப்பட்டுப் போனது. எனக்குப் படபடப்பு தொடங்கிவிட்டது. இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டால்? எழுந்து நின்றேன். தலைகளுக்கு நடுவே எதிர்ப்பக்கம் வெளியே பார்த்தால் தண்ணீர். மழைக்குத் தேங்கிய ஏதோ ஒரு கழனி அது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அப்போது எனக்கு அதுதான் ஏரி. "எறங்கணும், எறங்கணும்!" என்று கத்தினேன். நல்ல ஜனங்கள். "வழி வுடுங்கம்மா, பெரியம்மா எறங்குது," என்று ஆளுக்கொரு கை கொடுத்து, என்னையும் என் பெட்டியையும் பிளாட்பாரத்தில் இறக்கிவிட்டார்கள்.

வண்டி நகர்ந்தது. வாசலில் தலைகளுக்கு நடுவே அந்தப் பெண்ணின் முகம் தெரிந்தது. "ஆன்ட்டி! ஆன்ட்டி!" என்று கையை ஆட்டினாள். எவ்வளவு பாசமான பெண் என்று நானும் கையை ஆட்டினேன். அப்புறம்தான் போர்டைப் பார்த்தேன். பரனூர். செங்கல்பட்டுக்கு முந்தின ஸ்டேஷன். அதற்கும் அப்புறம்தான் என் தோளில் தொங்கிய கருப்புப் பையைப் பார்த்தேன்.

ஐயோ முனீஸ்வரா! ஐம்பத்தெட்டு வயதில் திருடியாகிவிட்டேன்.

அடுத்த வண்டி வர அரை மணி ஆனது. அதில் ஏறிச் செங்கல்பட்டுக்குப் போனேன். வழியில் நிஜமான ஏரி வந்தது. கடல்மாதிரி கிடந்தது. அதையும் ரசிக்க முடியவில்லை. எதிர்ப்பக்கம் ஒரு வண்டி எங்களைக் கடந்து போனதை மட்டும் பார்த்தேன். இறங்கிப் பிளாட்பாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடினேன். சிவப்புச் சுடிதார் இல்லை. பெஞ்சுக்குப் பக்கத்தில் கொய்யாப்பழக் கூடையோடு ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். அவரிடம் கேட்டேன்.

"சேப்பு சுடிதாரா? அழுதுகினே வந்துச்சு. யாரோ ஒரு பொம்பள பையத் தூக்கினு பரனூர்ல எறங்கிட்டாளாம். எதிர் வண்டி புடிச்சி அங்கயே பூட்சி." சொல்லிவிட்டு என் தோளைப் பார்த்தார். "ஏம்மா, நீயா அந்தப் பொம்பள?"

தலையை ஆட்டினேன். அவர் பெயர் கன்னியம்மா. தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே வண்டியிலேயே கொய்யா விற்பவர். ஒரு பழத்தை நாலாகப் பிளந்து, மிளகாய்த்தூள் உப்பைத் தடவி நீட்டினார். வெளியூரில் நறுக்கிய பழம் சாப்பிடக்கூடாது என்பது என் கொள்கை. பயத்தில் அதையும் சாப்பிட்டுவிட்டேன். அருமையாக இருந்தது.

நான் பரனூருக்கே திரும்பிப் போகட்டுமா என்று கேட்டேன். "நீ ஒன்னும் போவாத. நீ அங்க போவ, அது இங்க வரும். ரெண்டு பேரும் வண்டி மாத்தி மாத்தி போய்கினே இருங்க. குந்து இங்கயே. எப்பிடியும் வந்துடும்."

உட்கார்ந்தேன். வண்டிகள் வந்தன, போயின. அவள் வரவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. வெளிச்சம் குறைய ஆரம்பித்ததும் எனக்கு அடுத்த பயம் வந்தது. இருட்டினபிறகு தெரியாத ஊருக்குத் தனியாகப் பஸ் ஏறுவதா?

"பஸ்சுக்கு நேரமாச்சினா கெளம்பு. பைய என்னாண்ட குட்த்துட்டுப் போ. பொண்ணு வந்தா குட்துடறேன்," என்றார் கன்னியம்மா.

நான் பையை மார்போடு அணைத்துக்கொண்டேன். இவர் யார்? இவர் வீடு எங்கே? கொடுத்தேன் என்று சொல்லிக் கொடுக்காமல் விட்டால் நான் யாரைக் கேட்பேன்? ஸ்டேஷன் மாஸ்டரிடம் கொடுக்கலாம் என்றால், ஏன் எடுத்தாய் என்று கேட்டு என் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டால்? "பரவாயில்லம்மா, நானே வெச்சிருக்கேன், நாளைக்கு வர்றேன்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கன்னியம்மா என்னைப் பார்த்த பார்வை கொஞ்சம் மாறியது.

மாமல்லபுரம் பஸ்ஸில் நிற்கத்தான் இடம். உட்கார்ந்திருந்த ஓர் அம்மா பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. திருக்கழுக்குன்றம் மலையைச் சுற்றி பஸ் திரும்பும்போதெல்லாம் கம்பியில் இடித்துக்கொண்டே போனேன்.

லாட்ஜில் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் பையைத் திறந்தேன். வேறு வழியில்லை. உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஃபைல். பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் சான்றிதழ், டிகிரி, சாதிச் சான்றிதழ், எல்லாம் அசல். பெயர் எஸ்தர். அச்சரப்பாக்கம் பக்கத்தில் ஒரு கிராமம். மேலே ஒரு கடிதம். அரசு வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறியிருக்கிறாள். சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு. அசல் எல்லாம் கொண்டுவரவேண்டும், வராதவர் வாய்ப்பை இழப்பார் என்று போட்டிருந்தது. தேதியைப் பார்த்தேன். நாளை மறுநாள், காலை பத்து மணி.

விண்ணப்ப நகலில் ஒரு போன் நம்பர் இருந்தது. என் வெளிநாட்டு சிம் இங்கே வேலை செய்யாததால் லாட்ஜ் மேனேஜரின் போனில் கூப்பிட்டேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. "சிம்ம மாத்தியிருக்கும் மேடம், இப்பல்லாம் எவன் ஒரே நம்பர வெச்சினு கீறான்," என்றார் மேனேஜர். அங்கே ஒரு பெண் அழுதுகொண்டிருப்பாள், நான் இங்கே அவளுடைய எதிர்காலத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். தூக்கம் எங்கே வரும்?

மறுநாள் காலை முதல் வேலையாகப் பட்டறைக்குப் போனேன். முனீஸ்வரர் கம்பீரமாக நின்றார். அவர் கண்ணை நேராகப் பார்க்க எனக்குக் கூசியது. நூலைப் பிடித்து அளந்தேன். ஒரு தடவை நூல் நீளமாக இருந்தது, ஒரு தடவை சிலை நீளமாக இருந்தது. "அம்மா, உங்க கை ஆடுது. அந்தப் பையக் கீழ வெச்சிட்டு அளங்க," என்றார் பட்டறைக்காரர். வைக்கவில்லை. அவரே நூலை வாங்கி அளந்து, நாலு விரல் இடைவெளி இருக்கிறது என்று காட்டினார். வந்த வேலை அவ்வளவுதான், முடிந்தது.

செங்கல்பட்டு பஸ் அப்போதுதான் போயிருந்தது. திருக்கழுக்குன்றம்வரை ஷேர் ஆட்டோவில் போனால் அங்கிருந்து நிறைய பஸ் என்றார்கள். ஏறினேன். ஆட்டோ நகரவில்லை. "இன்னும் ரெண்டு டிக்கெட் வரட்டும்மா," என்றார் டிரைவர். ஏற்கெனவே எட்டுப் பேர் இருந்தோம். ஒன்பதாவது ஆள் வந்தார். பத்தாவதாக வந்தவர் மீன் கூடையோடு வந்தார். "போலாமா?" என்றேன். "தோ, அந்த அண்ணாத்த வர்றாரு பாருங்க," என்றார். அந்த அண்ணாத்த ஒரு டீயைக் குடித்துமுடித்து, வாயைத் துடைத்து, பிறகு வந்தார். எனக்குப் பிராணன் போய்க்கொண்டிருந்தது. வழியில் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பஸ் எங்களைக் கடந்து போனது.

ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தரை மணி. கன்னியம்மா என்னைப் பார்த்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"நேத்து நீ போய்க் கால் மணி நேரம் கூட ஆவல, அந்தப் பொண்ணு வந்துச்சு. நீ திரும்பி அங்க வருவேன்னு பரனூர்லயே ஒவ்வொரு வண்டியாப் பாத்துகினு நின்னுச்சாம். பைய என்னாண்ட குட்துட்டுப் போயிருந்தா நேத்தே முடிஞ்சிருக்கும்ல?"

தோளில் இருந்த பட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னிக்கிக் காலைல கூட வந்துச்சு. 'அந்த ஆன்ட்டி மாபலிபுரத்துக்குத் தான் போறேன்னு சொன்னாங்க, சிலை செய்ற எடமாப் போய்த் தேடுறேன்'னு பஸ் ஏறிப் பூட்சி. அங்க எத்தினி பட்டறை கீது! எங்கன்னு தேடும்? அது போன் நம்பரக் கேட்டு வாங்கவும் எனக்குத் தோணல."

என்னைக் கடந்துபோன பஸ் அதுதான். நான் அழுதுவிட்டேன். "அழுது இன்னா ஆவப்போவுது? நாஸ்தா துன்னியா? இல்லியா? மொதல்ல குந்து," என்று பெஞ்சைக் காட்டினார். "அச்சரப்பாக்கம் போவணும்னாலும் அது இங்க வந்துதான் மாறணும். எங்கயும் போவாத. உன்னை மாதிரி கால்ல சக்கரம் கட்டினு ஓடினா ஒன்னும் நடக்காது."

உட்கார்ந்தேன். பயந்தவர்களுக்குச் சும்மா உட்கார்ந்திருப்பதைவிடப் பெரிய தண்டனை இல்லை. ஸ்டேஷன் மாஸ்டரிடமும் தைரியமாகப் போய்ச் சொன்னேன். அவர் பாஸ்போர்ட்டைக் கேட்கவில்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்து, எஸ்தர் பெயரை மைக்கில் சொல்ல வைத்தார். நான் பயந்ததெல்லாம் என்னுடைய சொந்தத் தயாரிப்பு.

பன்னிரண்டு மணிக்குக் கன்னியம்மா ஒரு வண்டியில் போய் இரண்டு மணிக்குத் திரும்பி வந்தார். எனக்கு மசால் வடையும் டீயும் வாங்கிவந்தார். வடை சாப்பிட்டேன், டீயைப் பாதியோடு வைத்துவிட்டேன். காரணம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. காலையிலிருந்து நான் பாத்ரூம் போகவில்லை. பெஞ்சை விட்டு எழுந்தால், அந்த நிமிஷம் பார்த்து அவள் வந்துவிட்டால்? மூன்று மணிவரை தாங்கினேன். நாலு மணிவரை பல்லைக் கடித்தேன். ஐந்து மணிக்கு முடியவில்லை.

"எத்தினி நேரம் இப்பிடி நெளிவ? பைய வெச்சிட்டுப் போ," என்றார் கன்னியம்மா.

இரண்டு நாளில் முதல்முறையாக அந்தப் பையை இன்னொருவரிடம் கொடுக்கத் தோளிலிருந்து கழற்றினேன். அவர் மடியில் வைத்தேன். வைத்தபிறகும் பட்டையை விடவில்லை. அவர் சிரித்துக்கொண்டே என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

ஐந்து நிமிஷம்கூட இருக்காது. திரும்பி வந்தேன். பெஞ்ச் காலி.

கன்னியம்மா இல்லை. கூடை இல்லை. பை இல்லை. எதிர்ப் பிளாட்பாரத்தில் தாம்பரம் வண்டியின் கடைசிப் பெட்டி வளைவில் மறைந்துகொண்டிருந்தது.

"என் பை! பை!" என்று கத்தினேன். டீக்கடைக்காரர் ஓடிவந்தார். "கன்னிம்மாவா? கூடைய என் கடைல போட்டுட்டு வண்டி ஏறிச்சே. இன்னா அவசரமோ, தண்டவாளத்தத் தாண்டி ஓடிச்சி," என்றார். ஓடினாரா! நேற்றுத் தோன்றிய சந்தேகமெல்லாம் நிஜமாகிவிட்டது என்று நினைத்தேன். இவ்வளவு பார்த்துப் பார்த்துக் காப்பாற்றியதை ஐந்து நிமிஷத்தில் தொலைத்தேனே. நாளை பத்து மணிக்கு அந்தப் பெண் என்ன செய்வாள்? டீக்கடைக்காரர், "அது அப்பிடிப்பட்ட ஆளு இல்லம்மா," என்று சொன்னார். என் காதில் ஏறவில்லை. கொய்யாக் கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பழத்தை விட்டுவிட்டுப் பையைத் திருடுவார்களா என்றுகூட யோசிக்கத் தோன்றவில்லை எனக்கு.

முக்கால் மணி நேரம். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து என் கண் வலித்தது. தாம்பரத்திலிருந்து ஒரு வண்டி வந்து நின்றது. நடுப்பெட்டியிலிருந்து முதலில் கன்னியம்மா இறங்கினார். அவர் பின்னால் சிவப்புச் சுடிதார், இன்று நீலச் சுடிதார். தோளில் கருப்புப் பை.

"சொன்னேன்ல, உசிரோட இருக்காதுன்னு. பாரு மூஞ்சிய," என்றார் கன்னியம்மா எஸ்தரிடம்.

நடந்தது இதுதான். நான் அந்தப் பக்கம் போன நேரம் எஸ்தர் மாமல்லபுரத்திலிருந்து வந்திறங்கி, எதிர்ப் பிளாட்பாரத்து வண்டிக்கு ஓடியிருக்கிறாள். தாம்பரத்தில் தோழி அறையில் தங்கி, காலையில் அந்த ஆபீஸில் போய்க் கெஞ்சிப் பார்ப்பதாகத் திட்டம். கன்னியம்மா கத்தியது கேட்கவில்லை. வண்டி நகர்கிற நேரத்தில் இவர் கடைசிப் பெட்டியில் ஏறி, பரனூரில் இறங்கி, ஓடிப்போய் அவளையும் கீழே இழுத்து இறக்கியிருக்கிறார். பையைக் கொடுத்ததும் அவள் அப்படியே அடுத்த வண்டியில் தாம்பரம் போகலாம் என்று நினைத்தாளாம். "அந்தம்மா பையக் காணோம்னு செத்துடும். வா, வந்து ஒரு வாட்டி காட்டிட்டுப் போ," என்று கன்னியம்மாதான் கூட்டிவந்திருக்கிறார்.

நான் இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டேன். "என்னை மன்னிச்சிடும்மா," என்றேன் எஸ்தரிடம். கன்னியம்மாவிடம் என்ன மன்னிப்புக் கேட்பது? நான் நினைத்தது அவருக்குத் தெரியாது. தெரிந்தும் இருக்கலாம். "எல்லாம் சரியா இருக்கான்னு எண்ணிப் பாரும்மா," என்று எஸ்தரிடம் சொன்னேன்.

"இன்னாத்துக்கு ஆன்ட்டி? நீங்கதான வெச்சினு இருந்தீங்க."

அன்று மாமல்லபுரத்துக்குத் திரும்பி வயிறார மீன் வறுவல் சாப்பிட்டேன். ஆனாலும் என் புத்தி என்னை விடுமா? நாளை அவள் வண்டியைத் தவறவிட்டால்? வழியில் வேறு யாராவது என்னைப்போல இறங்கிவிட்டால்? மூன்றாம் நாள் விடிந்தும் விடியாமல் முதல் பஸ்ஸைப் பிடித்துச் செங்கல்பட்டில் போய் நின்றேன். அவள் அந்த ஆபீஸ் வாசலுக்குள் நுழைவதைக் கண்ணால் பார்க்காமல் எனக்கு ஊர் போக மனமில்லை. வீட்டிலிருந்து வந்திறங்கிய எஸ்தர் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்க வருவீங்கன்னு கன்னிம்மா நேத்தே சொல்லிச்சு. உங்களுக்கு எடம் போட்டு வெச்சிருக்காம்."

பெண்கள் பெட்டி அந்த நேரத்திலேயே நிறைந்து வழிந்தது. ஜன்னலோரம் ஒரே ஒரு இடத்தில் கொய்யாக் கூடை உட்கார்ந்திருந்தது. கன்னியம்மா கூடையை எடுத்துக்கொண்டு என்னைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தார். எஸ்தர் என் முன்னால் நின்றாள். வண்டி கிளம்பியது. அவள் தோளிலிருந்து கருப்புப் பையைக் கழற்றி, கேட்காமலேயே, என் மடியில் வைத்தாள்.

"என்கிட்டயா?" என்றேன்.

"நீங்கதான ஆன்ட்டி உக்காந்துகினு இருக்கீங்க," என்றாள்.

பட்டையைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். ஏரி வந்தது, போனது. வண்டி வேகம் குறைந்து பரனூரில் நின்றது. கன்னியம்மா கதையைப் பெட்டி முழுக்கச் சொல்லியிருக்கவேண்டும். பூ கட்டிக்கொண்டிருந்தவர்களும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர்களும் கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள்.

நான் அசையவில்லை.